கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டும் நூலகங்கள்

மறுபடியும் ஒன்று. புத்தம் புதிய கல்லூரி நூலகம். மேற்குப் பக்கம் தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை நீலக் கண்ணாடி. முதல் கோடை முடிவதற்குள் உள்பக்கமாகப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டார்கள். எட்டாத உயரத்தில் திரைச்சீலை. திரை போட்டதும் இருட்டு, ஆகவே பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிறது. "ஏசியை இன்னும் ரெண்டு டன் கூட்டினா சரியாயிடுமா சார்?" என்று கேட்கிறார்கள். ஆகாது.

நூலகம் கட்டத் திட்டமிடும் தாளாளர்களும் முதல்வர்களும் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும்: வெளிச்சம் வேறு, வெயில் வேறு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை போதும். ரேக்கில் புத்தகத்தின் முதுகில் எழுதியதைப் படிக்க 150 முதல் 200 வரை. நம் ஊர் நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி நிற்கும். அதில் ஒரு கீற்று மேசையில் விழுந்தாலும் கண் கூசும். பையன் எழுந்து போய்த் திரையை இழுப்பான், பிறகு அதை யாரும் திறக்க மாட்டார்கள். அவ்வளவு கண்ணாடிக்கும் கொடுத்த காசு அன்றோடு முடிந்தது.

கண்ணாடியைக் கூட்டினால் வெளிச்சம் உள்ளே தூரம் போகும் என்பதும் தப்பு. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உபயோகப்படும். மேல்விளிம்பு 2.4 மீட்டரில் இருந்தால் ஐந்து, ஆறு மீட்டர். முழங்காலுக்குக் கீழே போடும் கண்ணாடி வெளிச்சத்துக்கு ஒன்றும் செய்யாது, வெப்பத்தை மட்டும் வஞ்சனையில்லாமல் கொண்டுவரும். ஜன்னலை உயரத்தில் வையுங்கள், அகலத்தைக் குறையுங்கள்.

திசைக்கு வருவோம். சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலை முழுக்க நிழலில் வைக்க 1.1 மீட்டர் சன்ஷேடு வேண்டும்; அல்லது நடுவில் இன்னொன்று கொடுத்து இரண்டையும் 55 செ.மீ. ஆக்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே போய்விடுவதால் வடக்குச் சுவருக்கும் நிழல் தேவை. ஆனால் ஜூன் உச்சத்தில்கூட அது 80 டிகிரி உயரத்தில் இருக்கும், 30 செ.மீ. சன்ஷேடு போதும். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துப் பலகை. நூலகத்துக்கு வடக்குதான் ராஜ திசை.

மேற்கு? பிற்பகல் நான்கு மணி வெயில் படுத்துக்கொண்டு வரும். எத்தனை அடி சன்ஷேடு நீட்டினாலும் அதற்குக் கீழே புகுந்துவிடும். மேற்கே படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, மின் அறை இவற்றை வைத்துச் சுவரை அடைத்துவிடுங்கள். எலிவேஷன், அதாவது முகப்பின் அழகு போய்விடும் என்று யாராவது சொன்னால், அந்த அழகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மே மாதம் ஒரு பிற்பகல் உட்காரச் சொல்லுங்கள்.

கட்டடம் வரையும் எங்கள் தொழில்காரர்களையும் சொல்லத்தான் வேண்டும். நூலகத்துக்குக் காட்டப்படும் முப்பரிமாணப் படங்களில் எப்போதும் மாலை ஆறரை மணி. வானம் ஊதா, உள்ளே பொன்னிற வெளிச்சம், ரேக் பேருக்கு இரண்டு. மே மாதம் பிற்பகல் மூன்றரை மணிக்கு, எல்லா ரேக்கும் நிரம்பிய நிலையில் ஒரு படம் கேட்டு வாங்குங்கள். மென்பொருளில் தேதியையும் நேரத்தையும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.

"டின்ட் கண்ணாடி போட்டுக்கலாமே" என்பது அடுத்த வாதம். கருப்பு டின்ட் வெப்பத்தைத் தடுப்பதைவிட வெளிச்சத்தைத்தான் நன்றாகத் தடுக்கும். தானும் சூடாகி அந்தச் சூட்டை உள்ளே கக்கும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிரை அநேகமாக முழுக்க நிறுத்தும், உண்மைதான். ஆனால் காகிதத்தையும் அட்டையையும் கெடுப்பது புற ஊதா மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளிறச் செய்யும், அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். மேற்கு ஜன்னலை ஒட்டிய ரேக்கில் போய்ப் பாருங்கள். சிவப்பு அட்டைகள் முதலில் வெளிறியிருக்கும், நீலம் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வகை எண் ஒட்டிய சீட்டின் மேல் ஒட்டியிருந்த டேப் பழுப்பாகிக் கழன்றிருக்கும். பசை பைண்டிங் போட்ட மலிவுப் பதிப்புப் பாடநூலை விரித்தால் பசை காய்ந்து படக்கென்று முதுகு பிளந்து, பக்கம் கையோடு வரும். தைத்த புத்தகத்துக்கு அந்தக் கதி சீக்கிரம் வராது. நம் கல்லூரிகள் வாங்குவதில் தைத்தது எத்தனை?

குளிர் நாட்டுக்காரர்களே இதில் சூடுபட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கு ஜேம்ஸ் ஸ்டிர்லிங் வடிவமைத்த சீலி நூலகம் 1968இல் திறந்தது. படிக்கும் கூடத்தின் மேல் கண்ணாடிக் கூரை. கோடையில் வேக்காடு, குளிர்காலத்தில் நடுக்கம், மழையில் ஒழுக்கு. இடித்துவிடலாமா என்று பல்கலைக்கழகம் யோசிக்கும் அளவுக்குப் போயிற்று. பாரிஸில் 1990களில் எழுந்த பிரான்சு தேசிய நூலகத்தில் புத்தகத்தை நான்கு கண்ணாடிக் கோபுரங்களிலும் வாசகரைக் கீழேயும் வைத்தார்கள். கடைசியில் கோபுரக் கண்ணாடிக்குப் பின்னால் மரத் தடுப்பு வைத்து வெயிலை மறைக்க வேண்டியதாயிற்று. செய்தித்தாளின் பணக்கார அண்ணன்! அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்த லூயி கான், அமெரிக்காவில் எக்ஸிடர் பள்ளிக்கு 1970களின் தொடக்கத்தில் கட்டி முடித்த நூலகத்தில் நேர்மாறாகச் செய்தார்: வெளிச்சுவரை ஒட்டி ஆளுக்கொரு ஜன்னலோடு படிக்கும் மேசை, அதற்கு உள்ளே வெயில் படாத இடத்தில் ரேக். ஆறு மீட்டர் கணக்கு நினைவிருக்கிறதா? அந்த ஆறு மீட்டர் வாசகருக்கு, மிச்சம் புத்தகத்துக்கு.

அடுத்தது எடை. இதில் கோபம் வராது, பயம்தான் வரும்.

வகுப்பறைத் தளத்தை நூலகமாக மாற்றுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி வகுப்பறைத் தளம் தாங்க வேண்டிய சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. புத்தக ரேக் அறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6 கிலோ நியூட்டன், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னொரு 2. இருமடங்கு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ. நீளத் தட்டில் பாடநூல் அடுக்கினால் சுமார் 30 கிலோ. ஏழு தட்டு, இருபுறமும் சேர்த்துப் பதினான்கு, 420 கிலோ. இரும்பு ரேக்கின் எடையோடு 500 கிலோ. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் அது உட்காரும் பரப்பு 1.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 370 கிலோ வந்துவிட்டது. பைண்டு செய்த ஆய்விதழ்கள் என்றால் 470ஐத் தாண்டும். தண்டவாளத்தில் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கம்பாக்டர் ரேக் போட்டால் நடைபாதையே இல்லாமல் முழுத் தரையும் புத்தகம், அங்கே 6 கிலோ நியூட்டனும் போதாது. கம்பாக்டரைத் தரைத்தளத்தில் வையுங்கள், விற்பவரிடம் சுமைக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

"அஞ்சு வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு: ஆகியிருக்கிறது. ஸ்லாப் உடனே விழாது, வடிவமைப்பில் விட்ட பாதுகாப்பு வரம்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. கீழ் மாடியில் தடுப்புச் சுவர் உச்சியில் பீமை ஒட்டிய வெடிப்பையும், நடுத்தரையில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும் ரேக்கையும் பாருங்கள். காரை பூசி மறைக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை நடுவில் இருக்கும் ரேக்கைக் காலி செய்து பீம் ஓரமாகப் பிரித்து வையுங்கள்.

தூண் இடைவெளி ரேக் கணக்கில் வர வேண்டும். ரேக் நடுவுக்கு நடு 1.5 மீட்டர் என்றால் தூண் அந்தத் திசையில் 6 அல்லது 7.5 மீட்டர். 7 மீட்டர் என்று வைத்தால் ஏதோ ஒரு நடைபாதையின் நடுவில் தூண் வந்து நிற்கும். சக்கர நாற்காலி போக வேண்டுமானால் நடைபாதை 1.2 மீட்டர், அப்போது இடைவெளி 1.7 ஆகும். முதலிலேயே முடிவு செய்யுங்கள், தூணை அப்புறம் நகர்த்த முடியாது. ரேக் போகும் போக்கு தெரியாமல் பால்ஸ் சீலிங்கில் விளக்கு பதிக்காதீர்கள். ரேக் உச்சியில் விளக்கு எரிய, கீழ்த்தட்டை மொபைல் டார்ச் அடித்துத் தேடும் நூலகங்கள் ஏராளம்.

நீர். ரேக் அறைக்கு மேலே கழிப்பறை கூடாது. கழிப்பறை மட்டுமல்ல, மழைநீர்க் குழாயும் ஏசி தண்ணீர்க் குழாயும் ரேக்குக்கு மேலே ஓடக்கூடாது, வெளிச்சுவரில் ஓடட்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்த பிறகும் தரைக்குக் கீழ்த் தளத்தில் ரேக் அறை வரைகிறவர்களை என்ன சொல்ல? பிற்பாடு மாடி எடுக்கலாம் என்று மொட்டைமாடியில் தூண் கம்பியை நீட்டி விட்டு வைப்பது இன்னொரு வழக்கம். தளத்து ஓடுகளை எவ்வளவு நன்றாகப் பதித்தாலும் அந்தக் கம்பியடியில்தான் ஒழுகும். கம்பியைச் சுற்றித் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் எழுப்பி மூடுங்கள். எஸ். ஆர். ரங்கநாதன் நூலகம் வளரும் உயிர் என்றார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், அனுபவத்தில் சொன்னது. அந்த வளர்ச்சியைப் பக்கவாட்டில் திட்டமிடுவது நல்லது. ஒரு பக்கச் சுவரில் படிக்கட்டோ கழிப்பறையோ வைக்காமல் திறந்து விட்டுவைத்தால் போதும்.

ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். கடலோர ஊர்களில் பகலில் ஏசியை 18இல் ஓட்டி, ஐந்து மணிக்கு நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். குளிர்ந்த அட்டையில் இரவின் ஈரக்காற்று படியும், மறுநாளும் அதே கூத்து. ஒன்று, மிதமாகத் தொடர்ந்து ஓடட்டும்; இல்லையென்றால் ஏசியே வேண்டாம், எதிரெதிர் ஜன்னலும் ஃபேனும் வையுங்கள். ரேக் வெளிச்சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிற்கட்டும், கடைசித் தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும். ஓதமும் ராமபாணப் பூச்சியும் சுவரிலிருந்துதான் தொடங்கும். கரையானுக்கு அஸ்திவார நிலையிலேயே ஐஎஸ் 6313 சொல்லும் மண் சிகிச்சை: தரைக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கலவை, அஸ்திவாரப் பக்கவாட்டுக்கு 7.5. மருந்துப் பீப்பாய் எத்தனை வந்தது என்று யாராவது எண்ணுங்கள், இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பிறகு மறக்காமல் சுவரில் மரப் பலகை அடித்துக் கரையானுக்கு ஏணி வைக்காதீர்கள்.

நடுவில் மூன்று மாடிக்குத் திறந்த முற்றம் வைப்பது இப்போது மோகம். கீழே கவுன்டரில் முத்திரை குத்தும் சத்தம் மூன்றாம் மாடியில் கேட்கும். தீப்பிடித்தால் புகையும் அதே வழியில் மேலேறும்.

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். புத்தகம் திருடு போகும் என்று அவசரக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு வெளியேறும் வழி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், எந்த மேசையிலிருந்தும் 30 மீட்டருக்குள் ஒன்று எட்ட வேண்டும். அழுத்தினால் திறந்து, திறந்ததும் அலறும் கம்பிப் பூட்டு கிடைக்கிறது. அதன் விலை ஒரு ரேக் புத்தகத்துக்குக்கூட ஆகாது.

வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் நூலகரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். திறப்பு விழாவுக்கு அல்ல, முதல் கூட்டத்துக்கு. பத்து ஆண்டில் எத்தனை மீட்டர் தட்டு வேண்டும், எது எடை கூடியது, இரவு வாசிப்பறைக்குத் தனி வாசல் தேவையா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தளத்தின் சுமை அளவையும் இன்ஜினியரிடம் எழுதி வாங்கி நூலகரின் கோப்பில் ஒரு நகல், ரேக் அறை வாசலில் பெயின்ட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு வரும் முதல்வர் மாடியில் கம்பாக்டர் கேட்டால் காட்டுவதற்கு.