ரெண்டு சீசா மருந்து என்றால் எவ்வளவு மருந்து?

ஆத்தூர் பக்கம் நண்பர் ஒருவர் வெண்பன்றி வளர்க்கிறார். தாய்ப்பன்றி ஏழெட்டு, பால் மறந்த குட்டிகள் அறுபது வரைக்கும் இருக்கும். போன மழைக்காலத்தில் குட்டிகளுக்கு வரிசையாகக் கழிச்சல் வந்து, மருந்துக்கடைக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். "இந்த மாசம் எவ்வளவு ஆன்டிபயாடிக் போட்டிருப்பீங்கண்ணா?" என்று கேட்டேன். "என்ன, ஒரு ரெண்டு சீசா ஆயிருக்கும் தம்பி" என்றார்.

ரெண்டு சீசா அதிகமா, கம்மியா? பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கண்காணிப்பது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். சீசாவை எண்ணுவது சுலபம், அதை அர்த்தமுள்ள ஓர் எண்ணாக மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் ஏன் எண்ண வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பன்றியின் குடலில் கோடிக்கணக்கில் ஈ.கோலை பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை தீங்கற்றவை, சூழ்நிலை தோதாக இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிபவை. ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போது நோய்க்கிருமி மட்டும் சாவதில்லை, மருந்துக்கு மசிகிற எல்லாமே சாகின்றன, மசியாத சில மட்டும் காலியான இடத்தில் பெருகுகின்றன. அதோடு போனால்கூடப் பரவாயில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் வைத்துப் பக்கத்து பாக்டீரியாவுக்கு, வேறு இனமாக இருந்தாலும்கூட, அவற்றால் கைமாற்றிவிட முடியும். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை உலகத்தையே உலுக்கியது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது. கறிக்கு வந்த 804 பன்றிகளைச் சோதித்ததில் 166இல் அது இருந்தது. அங்கே கொலிஸ்டினைப் பன்றி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்திலேயே கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் சீனா அதை நிறுத்தியது, அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பன்றிகளில் எம்.சி.ஆர்-1 கண்கூடாகக் குறைந்தது. எனக்கு இதில் நம்பிக்கை தருவது அந்தக் கடைசிப் பகுதிதான்: மருந்தைக் குறைத்தால் பலன் தெரிகிறது. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

சரி, ரெண்டு சீசாவுக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பண்ணையை எடுத்துக்கொள்ளலாம். 60 குட்டிகள், சராசரி எடை 12 கிலோ, 30 நாள். வாங்கிய முதல் சீசா ஆக்சிடெட்ராசைக்ளின், 100 மில்லி, மில்லிக்கு 50 மில்லிகிராம். இரண்டாவது என்ரோஃப்ளாக்சசின், அதுவும் 100 மில்லிதான், ஆனால் மில்லிக்கு 100 மில்லிகிராம். மொத்தம் 15,000 மில்லிகிராம் மருந்து. பண்ணையில் நிற்கும் எடை 720 கிலோ. வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 21 மில்லிகிராம். ஐரோப்பிய நாடுகள் தங்கள் மொத்த விற்பனையைக் கணக்கிட்டது இந்த முறையில்தான். ஒவ்வொரு விலங்கையும் எடை போட முடியாது என்பதால் கறிக்குப் போகும் ஒரு பன்றிக்கு 65 கிலோ, தாய்ப்பன்றிக்கு 240 கிலோ என்று ஒரு பொது எடையை வைத்துக்கொண்டார்கள். கறிக்குப் போகும்போது பன்றி 100 கிலோவைத் தாண்டியிருக்குமே, ஏன் 65 என்று கேட்கலாம். ஊசி போடும் வயதில் அது சுமாராக என்ன எடை இருக்கும் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. பிரிட்டன் 2016இல் பன்றிப் பண்ணைகளுக்கென்று மின்னணு மருந்துப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2015இல் கிலோவுக்கு 278 மில்லிகிராமாக மதிப்பிடப்பட்ட பயன்பாடு 2018இல் 110க்கு இறங்கியது.

ஆனால் மில்லிகிராமை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்சிடெட்ராசைக்ளினை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் போடுகிறார்கள், அப்படியானால் 12 கிலோ குட்டிக்கு 120 மில்லிகிராம். முதல் சீசாவில் இருக்கும் 5,000 மில்லிகிராம் 42 குட்டி நாளுக்குத்தான் வரும். குட்டி நாள் என்பது ஒரு குட்டிக்கு ஒரு நாள் வைத்தியம். என்ரோஃப்ளாக்சசினோ கிலோவுக்கு 2.5 மில்லிகிராமே போதும், அதாவது குட்டிக்கு 30. அந்தச் சீசாவில் இருக்கும் 10,000 மில்லிகிராம் 333 குட்டி நாளுக்கு வரும்! அலமாரியில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுச் சீசா, மில்லிகிராமில் பார்த்தால் ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு, உண்மையில் குட்டிகளின் குடலுக்குள் நடந்த தாக்கத்தைப் பார்த்தால் எட்டு மடங்கு. மில்லிகிராம் கணக்கை மட்டும் வைத்து ஒருவர் பழைய டெட்ராசைக்ளினை விட்டுவிட்டு முழுக்க என்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினால், ஒரே வைத்தியத்துக்கு அவருடைய எண் கால்வாசியாகக் குறையும், எல்லோரும் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் என்ரோஃப்ளாக்சசின், நமக்கு டாக்டர்கள் எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசினின் நெருங்கிய சொந்தம், விலங்கின் உடலுக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. நமக்கு மிகவும் தேவைப்படும் மருந்தை அங்கே செலவழித்துவிட்டு, குறைத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டியதாகத்தான் அது முடியும்.

அதனால் நாள் கணக்குதான் நேர்மையானது. நம் உதாரணத்தில் 42ம் 333ம் சேர்த்து 375. 60 குட்டி, 30 நாள், ஆக மொத்தம் 1,800 குட்டி நாள். வகுத்தால் ஏறக்குறைய 21 சதவீதம். அதாவது அந்த மாதத்தில் எந்த நாள் கொட்டகைக்குள் நுழைந்தாலும் நூறில் 21 குட்டி மருந்தில் இருந்ததற்குச் சமம். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொன்னால் எங்கள் நண்பர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், அஞ்சில் ஒரு குட்டி தினமும் மருந்திலேயே இருந்திருக்கிறது என்றால் உட்கார்ந்து யோசிப்பார்.

டென்மார்க்கில் இதை ஒரு பெரிய ஏற்பாடாகவே செய்கிறார்கள், அங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். 2000இலிருந்து எந்தப் பண்ணைக்கு, எந்த வயது விலங்குக்கு, எந்த மருந்து, எவ்வளவு என்று எல்லாமே ஒரே தரவுத்தளத்தில் பதிவாகிறது. மருந்துக்கடைகள், கால்நடை மருத்துவர்கள், தீவன ஆலைகள் என விற்கும் இடத்திலிருந்தே தகவல் போய்விடும். 2010இல் 'மஞ்சள் அட்டை' முறை வந்தது, கால்பந்து நடுவர் காட்டுவாரே அதே மஞ்சள் அட்டைதான். பால் மறந்த குட்டிகளில் ஒன்பது மாதச் சராசரியாக நூற்றுக்கு 28க்கு மேல் தினமும் மருந்தில் இருந்தால் பண்ணைக்கு எச்சரிக்கை வரும் என்று தொடங்கினார்கள். 2016இல் இன்னொரு நல்ல மாற்றம் செய்தார்கள், என்ரோஃப்ளாக்சசின் வகையறாவை ஒரு நாள் போட்டால் பத்து நாள் போட்டதாகக் கணக்கு. நான் மேலே சொன்ன ஏமாற்று வழி அதோடு அடைபட்டது. அங்கே 1995இலிருந்தே கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மற்றதெல்லாம் இவ்வளவு வேலை செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நம் ஊரில் அந்தத் தரவுத்தளம் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் பல நாடுகளில் சின்னப் பண்ணைகளில் பயன்படுத்தும் எளிய வழி ஒன்று இருக்கிறது: கொட்டகையில் ஒரு வாளியை வைத்து, தீர்ந்த சீசா, பாக்கெட், தீவன மருந்துப் பை எதுவாக இருந்தாலும் அதில் போடச் சொல்வது. மாதக் கடைசியில் கொட்டி எண்ணிவிடலாம். நோட்டில் எழுத மறந்தாலும் வாளி மறக்காது. தீவனப் பையை விட்டுவிடக் கூடாது, ஊசியை எல்லோரும் மருந்து என்று நினைக்கிறார்கள், தீவனத்தில் கலந்து வருவதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. சேலத்துப் பண்ணைகளில் குச்சிக்கிழங்குத் திப்பி (மரவள்ளியில் மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கை), ஓட்டல் சாப்பாடு, சில இடங்களில் கோழிக்கடைக் கழிவு என்று தீவனம் பல வழியில் வருகிறது, அதனால் மூட்டையாக வாங்கும் தீவனத்தின் லேபிளையாவது படித்துவிட வேண்டும்.

எடையும் முக்கியம். கண்ணால் பார்த்துப் பத்துக் கிலோ இருக்கும் என்று குத்துமதிப்பாகப் போட்டால் அளவு குறைந்து, மசியாத கிருமிக்கு வசதியாகிவிடும். தராசு இல்லையென்றால் நாடா போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, கடைசியில் 69.3ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எடை வந்துவிடும். சுற்று 0.55, நீளம் 0.55 என்றால் பதினொன்றரைக் கிலோ.

"அதான் ஊசி போட்டு இத்தனை நாள் கழிச்சுத்தான் கறிக்குக் கொடுக்கிறோமே" என்று பலர் சொல்வார்கள். காத்திருக்கும் நாட்கள் கறியில் மருந்து எச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும், அது கட்டாயம் வேண்டும். ஆனால் எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு. மருந்து போன பிறகும் மருந்துக்கு மசியாத கிருமி சாணத்தில் இருக்கிறது, அள்ளுகிற கையில் இருக்கிறது, எருவாகக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போகிறது, கழுவிவிட்ட தண்ணீரோடு ஓடைக்குப் போகிறது. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. வழியில் எத்தனை கொட்டகை, எத்தனை கிணறு!

நண்பர் இப்போது வாளி வைத்திருக்கிறார். நோட்டில் தேதி, எத்தனை குட்டி, மருந்து, எத்தனை மில்லி என்று நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன், அவராகவே அஞ்சாவது ஒன்றைச் சேர்த்து 'ஏன்' என்று தலைப்புப் போட்டார். முதல் மாதம் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் வந்தது: தாயிடமிருந்து பிரித்த நாலாம் நாள், அஞ்சாம் நாள். பால் மறக்கடிக்கும் வாரத்தில் குட்டிக்குத் தாய்ப்பாலோடு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு நின்றுபோகிறது, தீவனமும் புதிது, இடமும் புதிது, அந்த இடைவெளியில்தான் கழிச்சல் கிருமி புகுந்துவிடுகிறது. இந்த ஈற்றிலிருந்து குட்டிகளை இன்னும் பத்து நாள் தாயோடு விட்டு, பிரிப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் பழக்கிக்கொண்டிருக்கிறார். கழிச்சல் வந்தால் சாணத்தைத் தலைவாசல் கால்நடைக் கல்லூரிக்கு எடுத்துப்போய், எந்த மருந்து கேட்கும் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி என்கிறார். அடுத்த குட்டிகளைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.