கேட்வே: தலைவாயிலும் கொல்லைவாயிலும்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள யானைக்கவுனியைத் தெரியாத சென்னைக்காரர் இல்லை. கவுனி என்றால் கோட்டை வாயில்; தெலுங்கின் ‘கவனி’யிலிருந்து வந்த சொல். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி எழுப்பிய மதிலின் மேற்குப் பக்க வாயில் அது. மதிலின் பெரும்பகுதி போய்விட்டது. அதைக் கட்ட விதிக்க நினைத்த வரி வால்டாக்ஸ் சாலையின் பெயரில் தங்கியிருக்கிறது. யானைக்கவுனியை ஆங்கிலத்தில் எலிபென்ட் கேட் என்பார்கள். கணினி வலையமைப்புக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் ‘கேட்வே’யில் இருப்பதும் அதே கேட்தான்.

1974இல், இணையத்துக்கு அடித்தளம் இட்ட விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தனித்தனி வலையமைப்புகளுக்கு நடுவே நின்று ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கடத்தும் கணினியைக் கேட்வே என்று குறித்தார்கள். இன்று ரௌட்டர் என்று நாம் சொல்லும் கருவிக்குத் தொடக்க கால இணையத்தில் இதுதான் பெயர்.

தமிழில் பலரும் ‘நுழைவாயில்’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் எனக்கு அது போதவில்லை. நுழைவது வேலையின் ஒரு பாதிதான். இரவெல்லாம் தரவைக் காப்பெடுத்து (பேக்கப்) வேறு இடத்துக்கு அனுப்பும் அமைப்பில் பெரும்பகுதி வெளியேதான் போகிறது. வெறுமனே ‘வாயில்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். இல்லத்தின் வாய் என்ற பொருளில் ‘இல்வாய்’ என்றிருக்க வேண்டியது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனது. இலக்கணப் போலிக்குப் பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு இதுவே.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அகப்பாடல்களில் ‘வாயில்’ என்பவர் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்பவர். தோழி, பாணன், விறலியர், விருந்தினர் என்று பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்கள் என வரிசைப்படுத்துகிறது. தூதை ஏற்றால் ‘வாயில் நேர்தல்’, திருப்பி அனுப்பினால் ‘வாயில் மறுத்தல்’. வலையமைப்பின் எல்லையில் காவல் நிற்கும், தீச்சுவர் என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் ஃபயர்வால் செய்வதும் இந்த இரண்டைத்தான். நேராகப் பேசிக்கொள்ள முடியாத இரு தரப்புக்கு நடுவே ஒருவர் நின்று பேசுவதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் கட்ட வேண்டும்?

‘டிஃபால்ட் கேட்வே’ என்பதுதான் சிக்கலான இடம். ‘இயல்புநிலை நுழைவாயில்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. நான் ‘தலைவாயில்’ என்கிறேன். வீட்டுக்குக் கொல்லைப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எத்தனை வாசல் இருந்தாலும் தலைவாசல் ஒன்றுதான். கணினிக்கும் அப்படியே. தன் தெருவுக்குள் இல்லாத முகவரிக்கு எதையாவது அனுப்ப வேண்டுமானால், தனி வழி சொல்லப்படாத எல்லாவற்றையும் அது தலைவாயிலிடம் கொடுத்துவிடும். அதனால் தலைவாயில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

இதை நான் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கண்ணால் கண்டேன். அங்கே ஒரு சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: ஒன்று அன்றாட வேலைக்கு, மற்றது காப்புக்கென்றே. காப்பு போய்ச் சேரும் சேமிப்பகமோ மூன்றாவது வலையமைப்பில், வேறொரு கட்டடத்தில் இருந்தது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிய 2 டெராபைட் முழுக்காப்பு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், எழுபது விழுக்காடுதான் தாண்டியிருக்கிறது. டிஸ்க் பழுதாக இருக்குமோ?” என்று கேட்டார் அங்கிருந்த இளைஞர்.

“டிஸ்க்கை விடுங்கள் தம்பி, வழியைப் பார்ப்போம்” என்று, எந்த முகவரிக்கு எந்த வழி எனக் கணினி குறித்து வைத்திருக்கும் வழிப்பட்டியலைத் திறக்கச் சொன்னேன். திரையின் மேலேயே, தலைவாயிலைக் குறிக்கும் 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றுக்கு இரண்டாக நின்றது. இரண்டு கார்டுக்கும் தலைவாயில் கொடுத்திருந்தார்கள்! ‘மெட்ரிக்’ என்ற எண்மதிப்புக் குறைந்த வரியைத்தான் கணினி தேர்ந்தெடுக்கும். அது அலுவலகப் பக்கத்து வரியாக இருந்தது. காப்பு முழுவதும் நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் தீச்சுவர் வழியாக, மற்றவர்களின் மின்னஞ்சலோடு முட்டி மோதிக்கொண்டு போயிருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் பாதையில் நொடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் நகராது. 2 டெராபைட் நகர இரண்டு நாள் ஆகும். காப்புக்கென்று போட்ட ஒரு கிகாபிட் பாதையிலோ நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குப் போகும். ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சனிக்கிழமை இரவு தொடங்கினால் ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை அது.

இரண்டாவது கார்டின் தலைவாயிலை அழித்தோம். அதற்குப் பதிலாக, நாமே கையால் எழுதி வைக்கும் நிலைவழி (ஸ்டாடிக் ரூட்) ஒரே ஒன்று எழுதினோம்: 192.168.60 என்று தொடங்கும் சேமிப்பகத்துக்குப் போவதெல்லாம் 192.168.50.1 வழியாகப் போகட்டும். இப்படி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் திறக்கும் வாயிலை நான் ‘கொல்லைவாயில்’ என்கிறேன். சென்னையின் பழைய வீடுகளில் விறகும் தண்ணீரும் வந்து இறங்கியது அந்த வழியில்தான். விருந்தாளி வரும் வாசலில் மூட்டையை இழுப்பதில்லை. ‘பேக்டோர்’ என்ற திருட்டு வழியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் ‘கள்ளவாயில்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது புதிய காப்பு அமைப்புக்குத் திட்டம் போடும்போது, எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்கிறேன். இயந்திரம், ஒவ்வொரு கார்டின் முகவரி, தலைவாயில், கொல்லைவாயில், அதன் வேகம். கிண்டியில் அந்த இளைஞர் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில், இரண்டாவது கார்டுக்கு நேரே தலைவாயில் கட்டத்தில் சிவப்பு மையால் ‘இல்லை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.