பாசியும் பொட்டாசியத்தின் சட்டையும்

தாராவி 90 அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன வாரம் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவில் யாரோ உலர்ந்த கடல்பாசியின் மேல் ஒரு கருவியைப் பிடிக்கிறார். அது டிக் டிக் என்கிறது. "நோன்புக்குன்னு சரக்கு எடுத்து வச்சிருக்கேன் தம்பி. இதுல கதிர்வீச்சு இருக்கான்னு எல்லாரும் கேக்காவ. என்ன சொல்ல?"

இருக்கிறது அண்ணாச்சி. கடலிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் நொடிக்குச் சுமார் 12 அணுக்கள் சிதைகின்றன, பெரும்பாலும் பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40. யுரேனியமும் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் உண்டு, அதன் பங்கு சொற்பம். மும்பை டிராம்பேயில் அணு உலை வந்தது 1956இல். இந்தப் பொட்டாசியமோ பூமி உருவானபோதே வந்தது. அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு என்பதால் இன்னும் தீரவில்லை.

சரி, பாசியில் மட்டும் ஏன் இவ்வளவு? கடலில் சோடியம் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல். பொட்டாசியம் அரை கிராம்கூட இல்லை. பாசியின் செல்லுக்குள் கணக்கு தலைகீழ். செல் நேர்மின் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால் உட்புறம் எதிர்மின்; அந்த இழுப்பில் பொட்டாசியம் உள்ளே வருகிறது. சோடியமும் நேர்மின்தான், உருவத்திலும் சிறியது. அது ஏன் அந்த வழியே நுழைவதில்லை?

தண்ணீரில் இருக்கும் அயனி நீர் மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டிருக்கும். செல் சவ்வின் புரத வாசலோ ஒடுக்கமானது, சட்டையைக் கழற்றினால்தான் போக முடியும். கழற்ற ஆற்றல் செலவாகும். ஆனால் வாசலின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தின் நீர்ச்சட்டையில் இருந்த அதே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. கழற்றிய கையோடு புதுச் சட்டை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. சோடியத்துக்கு அது தொளதொளவென்று இருக்கும்; கழற்றினால் நஷ்டம் என்று வெளியிலேயே நின்றுவிடும். ராடெரிக் மெக்கின்னன் 1998இல் ஒரு பாக்டீரியாவின் வாசலை அணு அணுவாகப் படம்பிடித்து இதைக் காட்டினார். 2003இல் நோபல் பரிசு. பாக்டீரியாவின் ஓட்டையைப் பார்க்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவு கறாரான வாசலுக்குப் பொட்டாசியம்-40ஐ மட்டும் பிரித்தறியத் தெரியாது. கூடுதல் நியூட்ரான் கருவுக்குள் ஒளிந்திருக்கிறது, சட்டை அளவு மாறுவதில்லை. அதனால் சுமார் 8,500க்கு ஒன்று என்ற கணக்கில் அதுவும் உள்ளே போய்விடும். உலர்ந்த பாசியில் 5 சதவீதம் பொட்டாசியம் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு நொடிக்கு 1,500 சிதைவு.

அண்ணாச்சியின் உடம்பில் இதே வேலை நொடிக்கு 4,000 தடவைக்கு மேல் நடக்கிறது. தேவைக்கு மேல் வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். போதாததற்கு, அவர் விற்பது பாசியைக் காய்ச்சி எடுத்த அகர். கழுவிக் காய்ச்சுவதில் உப்பு ஓரளவு போய்விடும். அந்த வீடியோக்காரர் பாசியை எடுத்துவிட்டும் ஒரு முறை காட்டியிருக்கலாம். சுற்றிலும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சால் அப்போதும் டிக் டிக் என்றுதான் இருந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக.

லோக்கல் ரயிலில் 'நெகட்டிவ் அயன்' காப்பு என்று ஒன்று விற்கிறார்கள். வெளிநாடுகளில் இந்த வகைப் பொருள்கள் சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த தூள் இருப்பதைக் கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாச்சி கல்லாவுக்கு மேலே ஆணியில் அப்படி ஒரு டஜன் தொங்குகிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.