வால் அறுந்த புழுவின் வம்சம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கரையில் கடல் வற்றியிருந்த நேரம். மணலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழாய் எட்டிப் பார்த்தது. சிப்பித் துண்டும் பாசியும் ஒட்டிப் புழு கட்டிய வீடு. இழுத்துப் பார்த்தேன். "வெடுக்குனு இழுக்காதீங்க தம்பி, அறுந்துரும்" என்றார் தூண்டிலோடு நின்ற பெரியவர். சொன்னபடியே தலைப்பக்கம் மட்டும் கையில் வந்தது. உடம்பின் இருபுறமும் சுணை சுணையாக, குட்டி முள்மயிர்களாக இருந்தது. வால் மணலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இதே கதைதான் ஆழ்கடல் புழு விஷயத்தில் ஆய்வாளர்களை அரை நூற்றாண்டு சுற்ற வைத்தது. இந்தோனேசியக் கடலில் கிடைத்த, நூல் போன்ற ஒரு புழுவுக்கு 1914-ல் பிரெஞ்சுக்காரர் கொல்லேரி 'சிபோக்லினம்' என்று பெயர் வைத்தார். வாயும் இல்லை, குடலும் இல்லை. எந்தக் கூட்டத்திலும் சேராததால் பின்னால் வந்தவர்கள் அதற்கும் அதன் உறவுகளுக்கும் விலங்குகளில் தனித் தொகுதியே (பெரும்பிரிவே) ஒதுக்கினார்கள். 1964-ல்தான் குட்டு உடைந்தது: அதுவரை ஆராய்ந்ததெல்லாம் வால் அறுந்த புழுக்கள்! வாலில் மண்புழுவுக்கு இருப்பதுபோல் வளையங்கள், கூடவே சுணைகள்.

1977-ல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் 'ஆல்வின்' நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. (நம் பாக் நீரிணையில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர்தான்.) அங்கே ஆள் உயரத்துக்கு வளரும் ரிஃப்டியா என்ற குழாய்ப் புழு. அதற்கும் வாய் இல்லை. ஊற்றின் கந்தகச் சேர்மத்தை வைத்து, உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவே சமைத்துப் போடுகிறது. 1985-ல் இதற்கும் தனித் தொகுதி கொடுத்தார்கள். அப்புறம் டி.என்.ஏ. வந்து எல்லாரையும் ஒரே குடும்பமாக்கி, மண்புழுவும் மண்டபத்துப் புழுவும் இருக்கும் வளைதசைப் புழுக் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

சரி, ஆழ்கடல் புழுவை இப்போது எப்படி எடுத்து அடையாளம் காண்கிறார்கள்? ரோபோவின் உறிஞ்சுகுழாயால் அலுங்காமல் எடுத்து, நிறம் மங்குமுன் படம் பிடிக்கிறார்கள். ஒரு துண்டு ஆல்கஹாலில், அது டி.என்.ஏ.வுக்கு. மீதி ஃபார்மலினில். ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், டி.என்.ஏ.வைக் கெடுக்கும். நுண்ணோக்கியில் சுணை, தாடை, செதில் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நேரம் தின்னும் வேலை.

கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ஜிகினா போல மின்னும் நான்கு புதிய செதில் புழுக்களுக்கு 2020-ல் பெயர் வைத்தார்கள். ஒன்றுக்குப் பாடகர் எல்விஸின் பெயர். அவற்றில் இன்னொன்று நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் கிடைத்ததால் முதலில் இரண்டு இனம் என்றே நினைத்தார்கள். டி.என்.ஏ. ஒன்றே என்றது. வயதாக ஆகச் செதில் தடிக்கிறது, அதோடு நிறமும் மாறுகிறது, அவ்வளவுதான்.