கதைப் புத்தக நாய் திரும்பி வந்துவிடும், உங்கள் வீட்டு நாய்?

"மூணு நாளா காணோம் டாக்டர். இன்னைக்குக் காலைல அவனே வந்துட்டான். சும்மா ஒருதரம் பாத்துடுங்க" என்றார் அந்த அப்பா. நாலு வயது ஆண் நாய், வாலை ஆட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தது. மேலே ரத்தமில்லை, பெரிய காயமுமில்லை. காலைத் தூக்கி நகங்களைப் பார்த்தேன். நுனி சிதைந்து நார்நாராகப் பிய்ந்திருந்தன. வண்டி இடித்துத் தார்ச்சாலையில் இழுபடும் நாய்க்கு நகம் இப்படி ஆகும். விபத்து என்ற சந்தேகம் வந்தால் நாங்கள் நகத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்ததும் மூச்சுத் திணறி எழுந்து, முழங்கைகளை அகட்டி வைத்து உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து, குடலும் கல்லீரலின் ஒரு பகுதியும் நெஞ்சுக்குள் ஏறியிருந்தன.

அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்துவிட்டோம். ஆனால் இதைவிடத் தாமதமாக வந்து, பிழைக்காமல் போன நாய்களையும் இந்த மேசையில்தான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டைத் திறந்துவிட்டது அந்த வீட்டுப் பையன். எட்டு வயதிருக்கும். வீட்டை விட்டு ஓடிய நாய்கள் ஆற்றைக் கடந்து, திருடனைப் பிடித்துக் கொடுத்து, கடைசியில் பத்திரமாகத் திரும்பி வரும் கதை ஒன்றைப் படித்திருக்கிறான். "இவனும் போய்ப் பாத்துட்டு வரட்டும்னு நெனச்சேன்" என்றான், நாயின் காதைப் பிடித்தபடியே. அவன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்த வயதில் அப்படி நினைக்காவிட்டால்தான் ஆச்சரியம். என் கோபமெல்லாம் அந்தக் கதையை அப்படியே நம்பி, மூன்று நாள் தேடாமல் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மேல்தான்.

"நாய்க்கு மோப்ப சக்தி இருக்கு, தானா வந்துடும்." மாதத்துக்கு ஒருமுறையாவது என் காதில் விழும் வாக்கியம் இது. வரும் நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. 1923இல் அமெரிக்காவின் இந்தியானாவில் தொலைந்த பாபி என்ற நாய், ஆறு மாதம் கழித்து ஆரிகனில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சுமார் 4,000 கிலோமீட்டர். நூறு வருடமாக அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், அது அபூர்வம் என்பதால்தானே? இன்னும் சிலர் 2020இல் வெளியான செக் நாட்டு ஆய்வைக் காட்டுவார்கள். 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிக் காட்டில் விட்டார்கள். திரும்பும்போது பல நாய்கள் முதலில் 20 மீட்டர் அளவுக்கு வடக்கு தெற்காக ஓடிவிட்டு, பிறகு புது வழியில் எஜமானரிடம் வந்தன. பூமியின் காந்தப்புலம் அவற்றுக்குத் திசை காட்டியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அருமையான ஆய்வுதான். ஆனால் அவை காட்டில் ஓடிப் பழகிய நாய்கள், பயமில்லாமல் போனவை, எஜமானரும் பக்கத்திலேயே காத்திருந்தார். வெடிச்சத்தத்தில் மிரண்டு சுவரேறிக் குதித்த உங்கள் நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது மோப்பம் பிடித்துக்கொண்டு போகவில்லை, உயிருக்குப் பயந்து ஓடுகிறது. போன வழியே அதற்குத் தெரியாது.

அப்படி மிரண்ட நாய் உங்கள் குரலைக் கேட்டும் ஓடும். "என்னையே மறந்துட்டான்" என்று அழாதீர்கள், மறக்கவில்லை. அந்த நேரத்தில் கூப்பிடுகிற யாரும் அதற்குத் துரத்துகிறவர்தான். எனவே துரத்த வேண்டாம், நாலு பேர் சேர்ந்து வளைக்கவும் வேண்டாம். கண்ணில் பட்டால் அங்கேயே தரையில் உட்காருங்கள், முகத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில். வாசனை வரும் தீனியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அது வரும்வரை பொறுங்கள்.

பிடிக்கிற வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள். பயந்த நாய் கடிக்கும், சொந்த நாயாக இருந்தாலும் கடிக்கும். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

தேடுவதை முதல் மணி நேரத்திலேயே ஆரம்பியுங்கள். "ஒரு நாள் பாப்போம்" என்று விடும் நாளில்தான் அது வண்டியில் அடிபடுகிறது. பக்கத்துத் தெருக்களில் சொல்லி, படம் ஒட்டி, கால்நடை மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் தகவல் கொடுங்கள்.

"சிப் போட்டிருக்கோமே, போன்ல பாக்க முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. தோலுக்கடியில் போடும் அரிசி அளவுள்ள மைக்ரோசிப்பில் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். யாராவது நாயைப் பிடித்து, ஸ்கேனரை வைத்துப் படித்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் உங்கள் பெயர் வரும். நீங்கள் போன் நம்பரை மாற்றிவிட்டுப் பதிவில் மாற்றவில்லை என்றால் அதுவும் வராது.

திரும்பி வந்த நாயை அன்றே காட்டுங்கள். வாலை ஆட்டுகிறது, சாப்பிடுகிறது என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. ரத்தத்தை உறையவிடாத எலி மருந்தைத் தின்ற நாய்க்கு ரத்தக்கசிவு தெரியவே மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், உண்ணிக்காய்ச்சல் வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ, படுக்காமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளிடமிருந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து படியுங்கள். அந்த நாய் ராத்திரி எங்கே தூங்கியிருக்கும், தாகம் எடுத்தால் என்ன பண்ணியிருக்கும், சாலையை எப்படிக் கடந்திருக்கும் என்று கேளுங்கள். தையல் பிரிக்க வந்த அன்று அந்தப் பையனிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாராவது தண்ணி வெச்சிருப்பாங்களா டாக்டர்?" என்றான். பிறகு அவனே ஒரு தாளில் அப்பாவின் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கழுத்துப்பட்டையில் பொறிக்கக் கொடுத்தான்.

உங்கள் நாயின் கழுத்துப்பட்டையில் இருக்கும் நம்பருக்கு இன்று ஒருமுறை போன் செய்து பாருங்கள். யார் எடுக்கிறார்கள் என்று தெரியட்டும்.