ரஹல், ஹல்: மால்டாவின் சிற்றூர்ப் பெயர்கள்

மால்டாத் தீவின் வரைபடத்தைப் பார்த்தால் ஹல் லியா, ஹல் பல்சான், ஹல் தர்ஷீன், ஹல் சஃபி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். இந்த ‘ஹல்’ தனிச்சொல் அன்று. ‘ரஹல்’ என்ற சொல் ஊர்ப்பெயருக்கு முன்னால் நிற்கும்போது முதலெழுத்தை இழந்து குறுகிய வடிவம் இது. மால்டிய மொழியில் ரஹல் என்றால் சிற்றூர்.

மால்டியம் அரபிலிருந்து கிளைத்த மொழி. எழுதுவது இலத்தீன் எழுத்தில். அரபியில் ‘ரஹ்ல்’ என்பது ஒட்டகச் சேணம். சேணத்தை இறக்கித் தங்குகிற இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. தங்கியவர்கள் நிலைத்தபோது குடியிருப்புக்கே பெயராயிற்று. பயணம் என்று பொருள்படும் ‘ரிஹ்லா’வும் இதே வேர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் குர்ஆனை விரித்து வைக்கும் மடக்குப் பலகையான ரெஹாலும் இந்தச் சேணத்தின் பெயர்தான். சிசிலியின் ரக்கல்முத்தோ, ரெகல்புத்தோ ஆகிய ஊர்ப்பெயர்களுக்குள்ளும் ரஹல் இருக்கிறது. ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் அது ‘ரஃபல்’ ஆகிப் பண்ணை நிலத்தைக் குறித்தது.

ஹல் எல்லா இடத்திலும் ஒரே வடிவில் வராது. ஸெப்பூச் (ஒலிவம்) என்ற ஊர் ‘ஹஸ்-ஸெப்பூச்’, திங்லி ‘ஹத்-திங்லி’, அத்தார்த் ‘ஹத்தார்த்’. அடுத்த மெய்யோடு லகரம் கலந்துவிடுகிறது, அல்லது உதிர்ந்துவிடுகிறது. பக்கத்துத் தீவான கோசோவில் பெரும்பாலும் ஹல் இல்லை. அங்கும் ஒரு ஸெப்பூச் உண்டு. அது வெறும் ‘இஸ்-ஸெப்பூச்’. இரண்டு ஊர்களையும் பிரித்தறிய ஹல் உதவுகிறது என்பதால் அதை வெட்டிவிடக் கூடாது.

தமிழில் எழுதும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, ‘ஹால்’ என நெடிலாக்குவது. படிப்பவர் கூடத்தை நினைத்துக்கொள்வார். மற்றது, இலத்தீன் எழுத்தை ஆங்கில ஒலியில் வாசிப்பது. மால்டியத்தில் எக்ஸ் எழுத்து ‘ஷ’. க்யூ தொண்டையில் சட்டென நிற்கும் ஓர் அடைப்பு, ககரம் அன்று. ஆகவே ‘தார்க்சியன்’ பிழை, தர்ஷீன் சரி.

ஊரின் அளவை ஹல் சொல்லும் என்று நம்பவும் வேண்டாம். ஓர்மி 1743-லும் ஸெப்பூச் 1777-லும் நகரப் பட்டம் பெற்றவை. பெயரில் ஹல் அப்படியே நிற்கிறது. 1626-இல் எழுந்த பாவ்லாவை இன்றும் ‘ரஹல் ஜ்டீட்’, புதிய சிற்றூர், என்றே அழைக்கிறார்கள். மறுபுறம், ஆளில்லாமல் போன ஊர்களும் பெயரைக் காத்துவைத்திருக்கின்றன. ஸுர்ரீ அருகே ஹல் மில்லியேரியில் மக்கள் போய்விட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு ஒரு சிறு தேவாலயம் இன்னும் நிற்கிறது. யுனெஸ்கோ 1980-இல் உலக மரபுச் சின்னமாக்கிய நிலவறைக் கல்லறையை உலகம் அறிவதும் ஹல் சஃப்லியேனி என்ற இத்தகைய பெயரில்தான்.

இனி, தமிழ்ச் சொல். பொதுப்பெயராக வரும் ரஹலுக்குச் ‘சிற்றூர்’ பொருந்தும். ‘கிராமம்’ பிழையில்லை, ஆனால் வடசொல். பிறப்பைக் காட்ட வேண்டுமானால் ‘பாளையம்’ நல்ல ஒப்பு: பாசறையாக இருந்து ஊரான சொல். ஆனால் அதில் படையின் சாயல் இருக்கிறது, ரஹலில் இல்லை. அதனால் விளக்கத்துக்கு மட்டும் அது உதவும், மொழிபெயர்ப்புக்கு ஆகாது. மாட்டுத்தொழுவிலிருந்து ஊர்ப்பெயரான ‘பட்டி’ இன்னும் நெருக்கம். ரஹல், பட்டி இரண்டிலும் விலங்கை நிறுத்திய இடமே ஊராயிற்று. சிறப்புப்பெயரில் வரும் ஹல்லை மொழிபெயர்க்காமல் ‘ஹல் லியா’ என்றே எழுதலாம்; ‘ஹல் லியா ஊர்’ என்றால் ஊர் இருமுறை வந்துவிடும்.