டிரெஸ்ஸாஜ்: கோணல் எடுக்கும் கலை

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜில், அதாவது சவாரிக்காரரின் குறிப்புக்கு இணங்கிக் குதிரை செய்து காட்டும் அசைவுகளுக்கு நடுவர்கள் மதிப்பெண் இடும் போட்டியில், தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுக்குப் பிறகு வந்த தங்கம் அது. அந்தப் போட்டியைப் பார்க்கிற யாருக்கும் 'குதிரை நடனம்' என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லைக் காதால் மட்டும் கேட்டவர் 'டிரெஸ்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'குதிரை அலங்காரம்' என்பார். முதலாவதை மன்னிக்கலாம்.

சொல் பிரெஞ்சு. வினை 'டிரெஸ்ஸே': நிமிர்த்து, நாட்டு, ஒழுங்காக அமை. கூடாரம் அடிப்பது, நாயைப் பழக்குவது, தட்டில் உணவைப் பாங்காக எடுத்து வைப்பது, காதை விடைத்துக் கேட்பது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினைதான். வேர் லத்தீனின் 'டிரெக்டுஸ்', அதாவது நேரானது. ஆங்கில 'டிரெஸ்' இதற்கு உடன்பிறப்பு. ஒழுங்காக்கு என்ற பொருள் முந்தியது, உடுத்து என்பது பிந்தியது. அணிவகுப்பில் வரிசையை நேராக்க 'ரைட் டிரெஸ்' என்று கட்டளையிடும்போது பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. என்.சி.சி.யில் இருந்தவர்கள் அதை 'தாஹினே ஸஜ்' என்று கேட்டிருப்பார்கள். 'ஸஜ்' இந்தியில் அலங்காரத்துக்கும் உரிய சொல். குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை.

எதை நேராக்குவது? குதிரையைத்தான். நமக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் போல, குதிரை பிறவியிலேயே ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் விறைக்கும். போதாக்குறைக்கு அதன் இடுப்பு தோளைவிட அகலம். இளங்குதிரை சுவரை ஒட்டிப் போகும்போது வெளித்தோளும் வெளியிடுப்பும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் பார்க்க நேராகத் தெரியும். உண்மையில் பின்பகுதி உள்ளே தள்ளி நிற்கிறது. தோளை ஒரு பொடி உள்ளே கொண்டுவந்தால்தான் நேர். இடுப்பை வெளியே தள்ளித் திருத்தப் பார்ப்பது வீண்வேலை.

சோதிக்க ஒரு வழி உண்டு. மணலை வாரிச் சமப்படுத்துங்கள். சுவரிலிருந்து 2 மீட்டர் உள்ளே, சுவரின் துணை இல்லாமல், 20×40 மீட்டர் மைதானத்தின் நீளப்பக்கத்தை டிராட் என்ற துள்ளுநடையில் ஒரு முறை கடந்துவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பு போட்ட கோட்டிலேயே விழுந்திருக்க வேண்டும். நாலு விரல் உள்ளே விழுந்திருந்தால் கோணல்.

பெரியவரான பிறகு சவாரிக்கு வந்தவர்கள் இங்கே ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். 20 மீட்டர் வட்டத்தில் குதிரை வளையவில்லை என்றதும் உள்பக்க லகானை இழுப்பார்கள். கழுத்து மட்டும் மடங்கும், வெளித்தோள் வட்டத்தைவிட்டு வழியும், வட்டம் முட்டையாகும். உள்கால் விலாவை அழுத்த, வெளி லகான் தோளுக்கு அணை கட்ட வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க உள் லகானை இரண்டு மூன்று காலடிக்கு முழுதாக விட்டுக்கொடுங்கள். வளைவு மாறாமல் நின்றால் சரி. குலைந்தால், அதுவரை குதிரை உங்கள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

கோணல் மேலே உட்கார்ந்திருப்பவரிடமும் இருக்கலாம். கால் வைக்கும் அங்கவடிகள் இரண்டும் ஒரே நீளமா, பின்னாலிருந்து பார்த்தால் சேணம் ஒரு பக்கம் சரிகிறதா? டிராட்டில் எழுந்து உட்காருகிறவர், வெளித்தோள் முன்னே போகும்போது எழ வேண்டும். திசை மாறினால் இதுவும் மாற வேண்டும். மாற்ற மறந்தால் குதிரையின் முதுகு ஒரு பக்கமே உரமேறும்.

ஜெர்மானியர் பயிற்சியை ஆறு படியாக வைக்கிறார்கள்: தாளம், தளர்வு, லகான் தொடர்பு, உந்தல், நேர்மை (கோணலின்மை), திரட்சி (பின்னங்கால்களில் கூடுதல் எடை தாங்கி உடலைத் திரட்டுதல்). நேர்மை ஐந்தாவது. அதற்காக அதுவரை கோணலாகவே ஓட்டலாம் என்றில்லை. தாளமும் தளர்வும் வராத நான்கு வயதுக் குதிரையை வலிந்து நேராக்கினால் முதுகை இறுக்கிக்கொள்ளும் என்பதால்தான் அந்த வரிசை.

போட்டியில் முதல் மதிப்பெண்ணும் இதற்கே. குதிரை, மைதான ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் எழுத்துகளில் 'ஏ' அருகே நுழைந்து நடுக்கோட்டில் வரும். எதிரே 'சி'யில் நடுவர். நேராக வந்தால் முன்னங்கால்கள் பின்னங்கால்களை மறைக்கும். ஒரு பின்னங்கால் எட்டிப் பார்த்தாலும் பத்தில் குறையும்.

இனி, டிரெஸ்ஸாஜைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'பழக்குதல்' நல்ல நாட்டுச்சொல். ஆனால் சேணத்துக்கும் ஆளுக்கும் குதிரையைப் பழக்குவது இதற்கு முந்திய வேலை. 'வையாளி' இன்னும் அழகு: நம்பெருமாள் தங்கக் குதிரையில் ஸ்ரீரங்கத்து மணல்வெளியில் வையாளி காண்பதைப் பலர் அறிவார்கள். அது குதிரை ஓட்டத்தைக் குறிக்கிறது, பயிற்றலை அல்ல. 'நெறிப்பயிற்சி' என்னலாம் என்றால், நெறி என்பதற்கே வளைவு என்றும் ஒரு பொருள் இருந்து தொலைக்கிறது.

எங்கள் தேர்வு 'செப்பம்'. செம்மையில் பிறந்த சொல். செங்கோலின் 'செம்'மும் இந்த நேர்மைதான். 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்கிறது 119ஆம் குறள்: கோட்டம் இல்லாமை செப்பம். நேர் என்ற பொருளில் தொடங்கி, ஒழுங்காக்குதல் என்ற பொருளுக்குச் செப்பனிடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சு வினை நடந்த அதே வழி. 'செப்பனிடு' இன்று சாலைக்குப் போய்விட்டதால் வினையாக வேண்டாம். பெயராக 'புரவிச் செப்பம்' என்று எழுதுங்கள். வினை வேண்டிய இடத்தில் 'குதிரையைச் செப்பத்துக்குக் கொண்டுவருதல்' போதும்.